மாத்திரைக்கு ஜெனரிக், மென்பொருளுக்கு மட்டும் பிராண்டா?

"லேப்டாப்ல லினக்ஸ் போட்டது நீங்க. ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் ஓடலைன்னா யாரைக் குறை சொல்றீங்க டாக்டர்? வேலைக்கு விண்டோஸ், வீட்டுக்கு லினக்ஸ். முடிஞ்சது."

போன வாரம் நான் போட்ட நாலு வரிப் பதிவுக்கு வந்த பதில்கள்ல பாதி இந்த ரகம். நல்ல மனசோட சொன்னவங்கதான், ரெண்டு பேர் என் பேட்ச்மேட்ஸ். ஆனா இதுக்கு ஒரு கமெண்ட்ல பதில் சொல்ல முடியாது. அதனால இந்த திரெட். நீளமா இருக்கும். டீயோட வாங்க.

முதல்லயே சொல்லிடறேன். இது விண்டோஸ் நல்லதா லினக்ஸ் நல்லதாங்கிற சண்டை இல்லை. எனக்கு அதுல அக்கறையும் இல்லை. என் கேள்வி வேற. அரசு வேலைக்கு இந்த மென்பொருள் கட்டாயம்னு உத்தரவு போடுறீங்க. சரி. அது ஒரே ஒரு கம்பெனி விக்கிற ஓ.எஸ்.ல மட்டும்தான் ஓடும்னா, அந்த ஓ.எஸ்.ஸையும் சேர்த்துத்தானே கட்டாயமாக்குறீங்க? அதை எந்த உத்தரவுல எழுதியிருக்கீங்க? அதுக்கு யார் காசு குடுக்கிறது?

"ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல பண்ண வேண்டியதுதானே"ன்னு கேக்கிறவங்களுக்கு: எங்க வார்டுல ஒரு கம்ப்யூட்டர். அதுல ஸ்டாஃப் நர்ஸ் அக்கா இண்டென்ட் போடணும். டேட்டா என்ட்ரி தம்பி அட்மிஷன் ஏத்தணும். இன்சூரன்ஸ் வார்டு மேனேஜர் பிரீ-ஆத் அனுப்பணும். நாங்க டிஸ்சார்ஜ் சம்மரி அடிக்கணும். மத்தியானம் 12 மணிக்கு டிஸ்சார்ஜ் ஆகவேண்டிய ஆறு பேரோட சொந்தக்காரங்க கதவுகிட்ட நிப்பாங்க. இந்த நிலைமையில டாக்டர்கள் சொந்த லேப்டாப்பைத் தூக்கிட்டு வர்றது ஆசைக்கு இல்லை. ஜி.ஹெச்.ல வேலை பாக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. மெஷின் எங்க காசு, நெட்டு எங்க மொபைல் ஹாட்ஸ்பாட்.

என் லேப்டாப் 2016-ல வாங்கினது. சி.ஆர்.ஆர்.ஐ. ஸ்டைபண்டை மாசாமாசம் ஒதுக்கி வாங்கினேன். ஆறாம் தலைமுறை ஐ3. நடுவுல ரேமை 8 ஜி.பி. ஆக்கி, ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்.எஸ்.டி. போட்டேன். இன்னைக்கும் ஒரு குறையும் இல்லாம ஓடுது. அப்புறம் ஏன் ஓ.எஸ். மாத்தினேன்? விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11 வேணும்னா டி.பி.எம். 2.0 சிப் வேணும், இன்டெல்ல பொதுவா எட்டாம் தலைமுறைக்கு மேல இருக்கணும். என்னுது ஆறு. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுன்னு ஒரு வருஷ நீட்டிப்பு அறிவிச்சாங்க. வென்டிலேட்டர்ல போட்டு ஒரு வருஷம் ஓட்டுறதுக்கு நான் தயாரா இல்லை. லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். 2029 வரைக்கும் அப்டேட் வரும். காசு கிடையாது.

ஆக, நல்லா ஓடுற ஒரு மெஷினைக் குப்பையில போடணும், இல்லை பாதுகாப்பு அப்டேட் இல்லாத ஓ.எஸ்.ல நோயாளிங்க தகவலை வெச்சுக்கணும், இல்லை ஓ.எஸ். மாத்தணும். மூணுல எது பொறுப்பான காரியம்னு நீங்களே சொல்லுங்க.

மாத்தினதுக்கப்புறம் என்ன ஆச்சு? நிறையப் பேர் பயமுறுத்துற மாதிரி ஒண்ணும் ஆகல. நமக்குத் தேவையான முக்காவாசி வேலை பிரவுசர்ல நடக்குது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம் ரெண்டும் லினக்ஸ்ல அதேதான். டெலிமெடிசின், ஆன்லைன் சி.எம்.இ., மெயில், எல்லாம் ஓடுது. லிப்ரே ஆபீஸ்ல டிஸ்சார்ஜ் சம்மரி அடிச்சு பி.டி.எஃப். ஆக்கினா பிரின்ட் ஒழுங்கா வருது. வார்டு பிரின்டரை வயர் சொருகினதும் அதுவே கண்டுபிடிச்சுது. விண்டோஸ்ல அதுக்கு ஒரு டிரைவர் சிடி தேடி அலைஞ்சது ஞாபகம் இருக்கு.

மாட்டிக்கிட்டது நாலு இடத்துல. எந்த மென்பொருள், எந்த ஆபீஸ்னு சொல்லப் போறதில்லை. சொன்னா விஷயம் அந்த ஒரு ஆபீஸ் பத்தின புகாரா சுருங்கிடும். வியாதி எல்லா இடத்துலயும் இருக்கு.

முதல் இடம் ஒரு வெப்சைட். திறந்ததும் "உங்கள் இயங்குதளம் ஆதரிக்கப்படவில்லை"ன்னு ஒரு பெட்டி. அதைத் தாண்டி ஒரு அடி போக விடல.

நம்ம பிரவுசர் எந்த வெப்சைட்டுக்குப் போனாலும் "நான் இன்ன பிரவுசர், இன்ன ஓ.எஸ்.ல இருந்து வர்றேன்"னு ஒரு வரி சொல்லும். அதுக்கு யூசர் ஏஜென்ட்னு பேர். அந்த வரியை மாத்திச் சொல்ல ஒரு சின்ன ஆட்-ஆன் இருக்கு. போட்டேன். "நான் விண்டோஸ்"னு சொல்ல வெச்சேன். கதவு திறந்துச்சு. லாகின், தேடல், அப்லோட், பிரின்ட், ஒண்ணு விடாம எல்லாம் வேலை செஞ்சுது. இன்னைக்கு வரைக்கும் செய்யுது.

புரியுதுங்களா? ஓடாம இல்லை. ஓடவிடல. வாசல்ல நின்னு சட்டை கலர் பாத்து உள்ள விடுற வேலை இது. யாரோ ஒருத்தர் சோதிச்சுப் பாக்கச் சோம்பப்பட்டு "விண்டோஸ் இல்லைன்னா தடு"ன்னு ஒரு வரி எழுதியிருக்கார். பணம் குடுத்து வாங்கினவங்களும் "ஏன்"னு கேக்கல. அந்த ஒரு வரிக்காக ஒரு டாக்டர் புது லேப்டாப் வாங்கணுமாம்.

ரெண்டாவது, நெட்ல இல்லாம கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ற ஒரு ரிப்போர்ட் மென்பொருள். எக்ஸ்இ கோப்பு. லினக்ஸ்ல இதுக்கு வைன்னு ஒரு ஏற்பாடு இருக்கு. 1993-ல இருந்து தன்னார்வலர்கள் எழுதிட்டு வர்றது. விண்டோஸ் புரோகிராம் கேக்கிறதை எல்லாம் லினக்ஸ் பாஷையில மொழிபெயர்த்துக் குடுக்கும் துபாஷி மாதிரி. இந்த மென்பொருள் பழைய டாட்நெட் கேட்டுச்சு. வைன்ட்ரிக்ஸ் வழியா அதையும் போட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. ஓடுது. பிரின்ட் ப்ரிவியூவுல மட்டும் எழுத்து கொஞ்சம் நகர்ந்து நிக்கும்.

மூணாவது டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். இதுலதான் சரியான சோதனை. அந்த யு.எஸ்.பி. டோக்கன் அடிப்படையில ஒரு ஸ்மார்ட் கார்டு. அதோட பேச பி.கே.சி.எஸ். 11-ன்னு ஒரு பொதுத் தரம் இருக்கு. டோக்கன் கம்பெனியே லினக்ஸ் டிரைவர் குடுத்திருக்கு. பி.சி.எஸ்.சி. சேவையை ஓட விட்டு, டிரைவரைப் போட்டு, ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸ்ல பாதுகாப்புச் சாதனங்கள் பகுதியில அந்த மாட்யூலைக் காட்டினதும் டோக்கன் தெரிஞ்சுது. என் சான்றிதழ் தெரிஞ்சுது. பாஸ்வேர்ட் கேட்டுச்சு. லிப்ரே ஆபீஸ்ல ஒரு பி.டி.எஃப்.ல கையெழுத்தும் போட்டுப் பாத்தேன். செல்லுது.

ஆனா நான் கையெழுத்துப் போட வேண்டிய போர்ட்டல் டோக்கனோட நேரா பேசாது. நடுவுல "சைனர்"னு ஒரு குட்டி எக்ஸ்இ. அது விண்டோஸ்ல மட்டும்தான் இருக்கு. வைன்ல போட்டா டோக்கனைக் கண்டுபிடிக்கல. கடைசியில விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, லினக்ஸுக்குள்ள ஒரு விண்டோஸை ஓட விட்டு, என் யூசர் பேரை வி-பாக்ஸ் யூசர்ஸ் குழுவுல சேர்த்து, டோக்கனை உள்ள அனுப்பித்தான் கையெழுத்துப் போடுறேன். 8 ஜி.பி. ரேம்ல 4 அதுக்கே போயிடுது. ஒரு கையெழுத்துக்காக உள்ள ஒரு முழு விண்டோஸ். அதுக்குத் தனியா லைசென்ஸ் காசு வேற. அந்தக் காசை எந்த ஹெட்ல கிளெய்ம் பண்றதுன்னு ஆபீஸ் சூப்பரிண்டென்டென்ட் சார் கிட்ட கேட்டேன். சிரிச்சார்.

நாலாவது தமிழ். யூனிகோடுக்கு முந்தின எழுத்துருவுல அடிச்ச சுற்றறிக்கை, படிவம் எல்லாம் வேர்டு கோப்பா வாட்ஸப்ல வருது. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கம்ப்யூட்டர்ல திறந்தாலும் "¬è"ன்னு பூச்சி மாதிரி ஊரும். புது விண்டோஸ்ல திறந்தாலும் அதே கதிதான். யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமா ஏத்துக்கிட்டுத் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது 2010-ல. கோவை செம்மொழி மாநாடு நடந்த வருஷம். அப்போ நான் எம்.பி.பி.எஸ். முடிக்கவே இல்லை. இன்னமும் பூச்சி ஊருது. (லினக்ஸ்ல தமிழ்99 விசைப்பலகை சும்மா கிடைக்குது. இந்த திரெட் அதுலதான் அடிக்கிறேன்.)

இப்போ சொல்லுங்க. இந்த நாலுல எது லினக்ஸோட குறை? ஒண்ணு வேணும்னே போட்ட தடை. ஒண்ணு பழைய டாட்நெட். ஒண்ணு நடுவுல சொருகின குட்டி எக்ஸ்இ. ஒண்ணு அரசு ஆணையை அரசு ஆபீஸே மதிக்காதது. "ஓ.எஸ். மாத்தினதால ஓடல"ன்னு நோயறிதல் எழுதினா, கேஸ் ஷீட்டைப் பாக்காம எழுதினதா அர்த்தம்.

இனி தலைப்புக்கு வர்றேன். இதைப் படிக்கிற டாக்டர்களுக்கு இந்த ஒப்பீடு சட்டுன்னு புரியும்.

நம்மளை என்ன பண்ணச் சொல்றாங்க? மருந்துச் சீட்டுல ஜெனரிக் பேர் எழுது. தெளிவா எழுது, முடிஞ்சா பெரிய எழுத்துல எழுது. மருத்துவ கவுன்சிலோட 2002 நெறிமுறை விதிகள்ல இருந்ததை 2016-ல திருத்தி இன்னும் கறாரா ஆக்கினாங்க. சரியான விதி. நான் ஆதரிக்கிறேன். பிராண்டு பேர் எழுதினா நோயாளி ஒரே கம்பெனிக்கு அடிமை ஆவார், விலை அவன் சொன்னதுதான்.

நம்ம தமிழ்நாடு இதை நாட்டுக்கே சொல்லிக் குடுத்த ஊர். 1994-ல டி.என்.எம்.எஸ்.சி. ஆரம்பிச்சாங்க. மருந்துக்குத் திறந்த டெண்டர். டெண்டர்ல பிராண்டு பேர் இருக்காது. "பாராசிட்டமால் மாத்திரை ஐ.பி. 500 மி.கி."ன்னு இருக்கும். அந்த "ஐ.பி."ங்கிற ரெண்டு எழுத்துலதான் எல்லாமே இருக்கு. இந்தியன் ஃபார்மகோபியா. மாத்திரைக்குள்ள எவ்வளவு மருந்து இருக்கணும், எவ்வளவு நேரத்துல கரையணும்னு எல்லாம் எழுதி வெச்ச பொதுத் தரம். அந்தத் தரத்துக்கு யார் செஞ்சு குடுத்தாலும் வாங்கலாம், லேப்ல சோதிச்சுப் பாத்து, தேறலைன்னா திருப்பி அனுப்பலாம். கேரளாவும் ராஜஸ்தானும் இதைப் பாத்துத்தான் தங்களுக்கும் ஒரு கார்ப்பரேஷன் ஆரம்பிச்சாங்க.

அதே ஆஸ்பத்திரி, அதே பர்ச்சேஸ் கமிட்டி. மென்பொருள்னு வந்ததும் கை எப்படி மாறுது பாருங்க. "விண்டோஸ் இயங்குதளத்தில் இயங்க வேண்டும்"னு ஒரு வரி. டோலோ 650 மட்டும்தான் வாங்குவேன்னு டெண்டர் போட்டா ஆடிட் சும்மா விடுமா? இங்க மட்டும் ஏன் யாருக்கும் உறுத்தல?

மென்பொருளுக்கு ஃபார்மகோபியா இல்லையான்னு கேட்டா, இருக்கு. நல்லாவே இருக்கு. வெப்புக்கு எச்.டி.எம்.எல்., கோப்புக்கு பி.டி.எஃப்., ஓ.டி.எஃப்., தமிழுக்கு யூனிகோடு, கையெழுத்துக்கு மேல சொன்ன பி.கே.சி.எஸ். 11. இதெல்லாம் பொதுத் தரங்கள். ஒரு கம்பெனி சொத்து இல்லை.

நம்ம துறையிலேயே இதுக்கு ஒரு அழகான உதாரணம் இருக்கு. டைகாம்.

1980-கள்ல ஒவ்வொரு ஸ்கேன் மெஷின் கம்பெனியும் தன் படத்தைத் தன் பாஷையில சேமிச்சுது. ஒரு கம்பெனி சி.டி. படத்தை இன்னொரு கம்பெனி கம்ப்யூட்டர்ல பாக்க முடியாது. அமெரிக்க ரேடியாலஜி மருத்துவர்கள் சங்கமும் கருவி உற்பத்தியாளர்கள் சங்கமும் உக்காந்து 1985-ல ஒரு தரம் எழுதினாங்க. 1993-ல அது டைகாம்ங்கிற பேர்ல வந்துச்சு. இன்னைக்கு எந்த நாட்டு மெஷின்ல எடுத்த எம்.ஆர்.ஐ.யையும் எந்த வியூவர்லயும் திறக்கலாம். டாக்டர்களும் வாங்குறவங்களும் சேர்ந்து அழுத்தினதால வந்த காரியம் அது. கம்பெனிங்க தானா மனசு மாறி வந்தது இல்லை.

அப்படிப்பட்ட டைகாமைக்கூட நாம எப்படிப் பாழாக்குறோம்னு ஒரு சம்பவம். ஒரு நைட் டியூட்டி. வெளியூர்ல இருந்து ஒரு பெரியவர். ரெண்டு மூணு வாரம் முன்னாடி பாத்ரூம்ல வழுக்கி விழுந்தவர். நாலு நாளா தலைவலி, அன்னைக்குக் காலையில இருந்து நடை தள்ளாடுது, பேச்சு குழறுது. மகன் கையில ஒரு சிடி, வெளியில எடுத்த சி.டி. மூளை. ஃபிலிம் இல்லை, ரிப்போர்ட் "நாளைக்குத் தருவாங்க". வார்டு கம்ப்யூட்டர்ல சிடியைப் போட்டா, அதுல இருக்கிற வியூவர் எக்ஸ்இ ஓட அட்மின் பாஸ்வேர்ட் கேக்குது. பாஸ்வேர்ட் தெரிஞ்சவர் காலையில 9 மணிக்கு வருவார். எங்க ஸ்கேனுக்கு முன்னாடி ஆக்சிடென்ட் கேஸ் வரிசை.

என் லேப்டாப்ல சிடி டிரைவ் கிடையாது. வார்டு கம்ப்யூட்டர்லயே சிடியில இருக்கிற ஃபோல்டரைப் பென் டிரைவ்ல காப்பி பண்ணி எடுத்துட்டு வந்து, வீசிஸ்ங்கிற இலவச டைகாம் வியூவர்ல திறந்தேன். ரெண்டு நிமிஷம். நாள்பட்ட சப்டியூரல் ரத்தக்கட்டு, மிட்லைன் நல்லாவே தள்ளியிருக்கு. நியூரோ சர்ஜரிக்கு உடனே போன் போட்டோம். படத்தைக் காட்டினோம், எடுத்துக்கிட்டாங்க. பெரியவர் நல்லபடியா வீட்டுக்குப் போனார்.

லினக்ஸ் உயிரைக் காப்பாத்துச்சுன்னு நான் கதை விடல. வீசிஸ் விண்டோஸ்லயும் ஓடும், மேக்லயும் ஓடும். சிடிக்குள்ள இருந்த படம் பொதுத் தரத்துல இருந்துச்சு, அதனால திறந்துச்சு. அந்தப் படத்தை வியூவர் எக்ஸ்இக்குள்ள மட்டும் பூட்டி வெச்சிருந்தா, 9 மணி வரைக்கும் காத்திருக்கணும். அல்லது அந்த ஆக்சிடென்ட் வரிசையை உடைச்சுத் திரும்ப ஸ்கேன் எடுக்கணும். ஏழை நோயாளி ஏற்கெனவே காசு குடுத்து எடுத்த ஸ்கேன் அது.

சரி, அடுத்த வகைப் பதில்: "அண்ணே, எதுக்கு இவ்ளோ கஷ்டம்? கிராக் விண்டோஸ் போட்டுக்கங்க, அஞ்சு நிமிஷம்."

இதைச் சொன்னவர் ஒரு டாக்டர்ங்கிறதுதான் கொடுமை. கிராக் போடும்போது முதல் வேலை என்ன? ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு. எவனோ எழுதின, உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு ஆக்டிவேட்டரை அட்மின் உரிமையோட ஓட்டு. லேபிள் இல்லாத குப்பியில இருந்து ஊசி போடுவீங்களா? அதே மெஷின்லதான் நோயாளியோட ஹெச்.ஐ.வி. ரிப்போர்ட்டும் இருக்கு, ஆதார் நகலும் இருக்கு. நேர்மையா லைசென்ஸ் வாங்கவும் காசு குடுக்க மாட்டாங்க, மாற்று ஓ.எஸ்.லயும் ஓடவிட மாட்டாங்க. அப்போ கிராக்குக்குத்தான் தள்ளி விடுறாங்கன்னு சொன்னா தப்பா?

இதோட விலை என்னன்னு மருத்துவ உலகம் ஏற்கெனவே பாத்திருக்கு. 2017 மே 12, வான்னக்ரை. இங்கிலாந்தோட என்.எச்.எஸ். ஆஸ்பத்திரி டிரஸ்ட்கள்ல சுமார் மூணுல ஒரு பங்கு பாதிக்கப்பட்டுச்சு. அப்பாயின்ட்மென்ட், ஆபரேஷன் ரத்து. சில ஊர்ல ஆம்புலன்ஸைத் திருப்பி விட்டாங்க. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் ரெண்டு மாசம் முன்னாடியே, மார்ச்லயே குடுத்திருந்துச்சு. போடல. போட முடியாத அளவுக்குப் பழைய மெஷின்களும், அப்டேட் பண்ணா நின்னு போற மென்பொருள்களும் இருந்துச்சு. நம்ம நாட்டுல 2022 நவம்பர் 23 டெல்லி எய்ம்ஸ். ரெண்டு வாரத்துக்குக் கிட்ட எல்லாமே பேப்பர்ல ஓடுச்சு. லினக்ஸ் போட்டா ரான்சம்வேர் வராதுன்னு நான் சொல்லல, சர்வர்கள்லயும் வரும். அப்டேட் நின்னுபோன ஓ.எஸ்.ஸை விட்டு நகரவிடாம ஒரு கட்டாய மென்பொருள் உங்களைப் பிடிச்சு வெச்சா, அது ஆபத்துங்கிறேன்.

"நடைமுறையில ஒரு நாடே ஒரே ஓ.எஸ்.ல இருந்தா என்ன கெட்டுப்போச்சு"ன்னு ஒரு நண்பர் கேட்டார். அப்படி இருந்து பாத்த நாடு தென் கொரியா. 1990-கள் கடைசியில ஆன்லைன் பேங்கிங்குக்கு சீட்னு சொந்தமா ஒரு குறியாக்கம் செஞ்சாங்க. அப்போ அமெரிக்கா பலமான குறியாக்கத்தை வெளிநாட்டுக்கு விடாத காலம், அதனால அன்னைக்கு அது நியாயமான முடிவு. ஆனா அதை ஆக்டிவ்எக்ஸ்ங்கிற சொருகியில செஞ்சாங்க. அது இன்டர்நெட் எக்ஸ்புளோரர்ல, அதாவது விண்டோஸ்ல மட்டும் ஓடும். பேங்க், வரி, ஷாப்பிங் எல்லாம் அதுமேல ஏறி உக்காந்துச்சு. உலகமே வேற பிரவுசருக்குப் போனதுக்கப்புறமும் அவங்களால நகர முடியல. 2014-ல அந்த நாட்டு அதிபரே, டி.வி. தொடர் நாயகி போட்ட கோட்டை வாங்க ஆசைப்படுற சீனா ரசிகர்களால நம்ம கடைகள்ல வாங்க முடியலையேன்னு பொதுக் கூட்டத்துல புலம்பினாங்க. அந்தப் பழைய சான்றிதழ் முறைக்கு இருந்த சட்ட முன்னுரிமை போனது 2020 டிசம்பர்ல. இருபது வருஷம். இன்டர்நெட் எக்ஸ்புளோரரோ 2022 ஜூன்ல செத்தே போச்சு. என் லேப்டாப்ல அந்த "சைனர்" எக்ஸ்இயைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு கொரியாதான் ஞாபகம் வருது.

சரி, நம்ம ஊர்ல இது புது யோசனையா? அதுவும் இல்லை. 2007 வாக்கில எல்காட் தன் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாத்திக் காட்டுச்சு. 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல விண்டோஸோட கூட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. சென்னை சி-டாக்ல செஞ்சது. அந்த லேப்டாப் வாங்கின பசங்கள்ல சிலர் இன்னைக்கு நம்ம வார்டுலயே சி.ஆர்.ஆர்.ஐ. ஆஸ்பத்திரி மென்பொருளுக்கே சத்தீஸ்கர்ல கனியாரிங்கிற கிராமத்து ஆஸ்பத்திரியில பாஹ்ம்னின்னு ஒண்ணு வளர்ந்து நிக்குது. திறந்த மூலம், பிரவுசர்ல ஓடும், எந்த ஓ.எஸ்.னு கேக்காது. கிராமத்துல முடிஞ்சது நமக்கு ஏன் முடியாதுங்கிறதுக்கு இதுவரைக்கும் யாரும் பதில் சொல்லல.

எழுத்துப்பூர்வமாவும் இருக்கு. மத்திய அரசு 2010-ல மின்னாளுகைக்குத் திறந்த தரங்கள் கொள்கை வெளியிட்டுச்சு. 2015-ல திறந்த மூல மென்பொருள் கொள்கை. அதுல, டெண்டர் ஆவணத்துலயே திறந்த மூலத்தைப் பரிசீலிக்கணும்னு குறிப்பிடணும், விலக்கினா சப்ளையர் காரணம் சொல்லணும்னு இருக்கு. நான் கேக்கிறது புரட்சி இல்லை, ஏற்கெனவே இருக்கிற தாளைப் படிங்கன்னுதான்.

"எல்லா ஓ.எஸ்.லயும் சோதிக்கிறது செலவு ஜாஸ்தி"ன்னு ஒரு ஐ.டி. நண்பர் சொன்னார். அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. விரல்ரேகைக் கருவி மாதிரி ஹார்டுவேர் சம்பந்தப்பட்டது நிஜமாவே கஷ்டம், ஒவ்வொண்ணுக்கும் டிரைவர், சான்றளிப்பு எல்லாம் வேணும். அதை ஒத்துக்கிறேன். ஆனா ஒரு ஃபார்ம் நிரப்பி சப்மிட் பண்ற வெப்சைட்டுக்கு அந்தக் கதை செல்லாது. நீங்க தடை போடாம இருந்தாலே அது ஓடும், நான்தான் பாத்துட்டேனே. அதோட செலவு எங்கேயும் மறையல. நீங்க மிச்சம் பிடிச்ச செலவு என் ஞாயித்துக்கிழமைக்கும் என் பர்சுக்கும் வந்துச்சு. எனக்காவது வைன், விர்ச்சுவல்பாக்ஸ்னு நோண்டத் தெரியும். எங்க வார்டு சீனியர் மேடமுக்கு இதெல்லாம் தெரியணும்னு என்ன அவசியம்? ஸ்டாஃப் நர்ஸ் அக்கா தன் மகளோட பழைய லேப்டாப்ல ரிப்போர்ட் அடிக்கிறாங்க, அவங்க என்ன பண்ணுவாங்க?

என்ன வேணும்னு தெளிவா சொல்லிடறேன். இதைப் படிக்கிறவங்கள்ல பர்ச்சேஸ் கமிட்டியில, டெக்னிக்கல் கமிட்டியில உக்காருறவங்க சிலர் இருக்கீங்க. எனக்குத் தெரியும், உங்கள்ல ரெண்டு பேர் எனக்கு சீஃபா இருந்தவங்க. சார், மேடம், அடுத்த டெண்டர் வரைவு உங்க மேஜைக்கு வரும்போது "விண்டோஸ்"ங்கிற வார்த்தை எங்க இருக்குன்னு மட்டும் தேடிப் பாருங்க. இருந்தா அடிச்சுட்டு, அந்த இடத்துல "தற்போது ஆதரவில் உள்ள ஃபயர்ஃபாக்ஸ், குரோம் உலாவிகளில், எந்த இயங்குதளத்திலும் இயங்க வேண்டும்"னு எழுதச் சொல்லுங்க. டெமோ காட்ட வர்ற கம்பெனிக்காரர் கிட்ட அவரோட லேப்டாப் வேண்டாம், ஒரு லினக்ஸ் மெஷின்ல திறந்து காட்டுன்னு கேளுங்க. மெஷின் இல்லைன்னா நான் கொண்டு வர்றேன். கையெழுத்து மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லாம கடைசித் தவணை பில்லைப் பாஸ் பண்ணாதீங்க. நோயாளி தகவலை டைகாம், பி.டி.எஃப். மாதிரி பொது வடிவத்துல முழுசா வெளியே எடுக்க முடியுமான்னு எழுத்துல வாங்கிக்கங்க. ஏன்னா அஞ்சு வருஷம் கழிச்சு கம்பெனி மாறும்போது, பழைய கேஸ் ஷீட் எல்லாம் அவன்கிட்டயே மாட்டிக்கும்.

ரேடியாலஜி நண்பர்கள், ஸ்கேன் சென்டர் வெச்சிருக்கிறவங்க: சிடியில டைகாம் ஃபோல்டரைத் தனியா, ஒளிச்சு வெக்காம போடுங்க. வியூவர் கூட இருக்கட்டும், பரவாயில்லை.

டோக்கன் டிரைவர், விர்ச்சுவல்பாக்ஸ்ல யு.எஸ்.பி. அனுப்புறது, வீசிஸ் இன்ஸ்டால் பண்றது பத்தி இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்கு: மூணுக்கும் ஸ்கிரீன்ஷாட்டோட தனித்தனிப் பதிவா இந்த திரெட்டுக்குக் கீழேயே போடுறேன். இன்னைக்கு கேசுவால்டி டியூட்டி, அதனால நாளைக்கு மத்தியானத்துக்கு மேல.